ரோலுக்கு முப்பத்தாறு

"அண்ணா, மொத்தமா எவ்ளோ ஆகும்னு ஒரு வார்த்தை சொல்லிடுங்க."

தீர்த்தமலையில் மாசித் தேர் முடிந்த மறுவாரம் போனில் வந்த கேள்வி இது. கேட்டவன் பக்கத்து ஊர்ப் பையன். வைகாசியில் கல்யாணம். தாலி கட்டுவது மலைமேல் தீர்த்தகிரீஸ்வரர் சன்னிதியில், ரிசப்ஷன் அரூரில் ஒரு மண்டபத்தில். கல்யாணம், காதுகுத்து, கடை விளம்பரம் என்று எல்லாவற்றுக்கும் படம் எடுக்கிற ஆள் நான். பதினான்கு வருடமாக இதே பிழைப்பு. இருந்தும் அந்த "ஒரு வார்த்தை"யைச் சொல்ல மூன்று நாள் பிடித்தது. வாட்ஸ்அப்பில் ஒரு தொகையை அடிப்பேன், அழிப்பேன். கூடச் சொன்னால் தர்மபுரியிலிருந்து வேறு ஆள் வந்துவிடுவார். குறைத்துச் சொன்னால் மலை ஏறி இறங்கினதுக்குக்கூட மிஞ்சாது.

அப்பாவுக்கும் இதே தொழில்தான். அரூரில் ஒரு சின்ன ஸ்டுடியோ வைத்திருந்தார். அவர் எப்படித்தான் விலை சொன்னார் என்று பார்க்க, பரணில் கிடந்த கணக்கு நோட்டுகளை இறக்கினேன். பக்கத்துக்கு ஆறு கட்டம் போட்டிருந்தார். தேதி, ஊர், ரோல், பிரிண்ட், அட்வான்ஸ், பாக்கி. எல்லா வருடத்து நோட்டும் அதே ஆறு கட்டம். கேமராவைத் தோளில் போட்டுக்கொண்டு இருட்டோடு மலையேறினதுக்கு, வெளிச்சமே இல்லாத சன்னிதியில் நின்று சரியான நொடியில் அமுக்கினதுக்கு, ராத்திரியெல்லாம் டார்க் ரூமில் கழுவினதுக்கு ஒரு கட்டமும் இல்லை. அவருடைய கூலி ரோலுக்குள்ளேயோ பிரிண்டுக்குள்ளேயோ எங்கேயோ ஒளிந்திருந்தது. சில பக்கங்களில் பாக்கி என்ற கட்டத்தில் தொகைக்குப் பதிலாக "வெ.பா." என்று எழுதியிருந்தார். யாரோ ஒருவருடைய இனிஷியல் என்று நினைத்துத் தாண்டிப் போனேன்.

கூலிக்கான அந்தக் கட்டம் எங்கே தொலைந்தது என்று தேட ஆரம்பித்ததில், அப்பாவைத் தாண்டி நூற்றைம்பது வருடத்துக்கும் மேல் பின்னால் போக வேண்டியதாகிவிட்டது.

சம்பளத்துக்கு வந்த கேமரா

எங்கள் பக்கம் கேமரா வந்தபோது அதற்குக் கட்டணமே இல்லை. சம்பளம்தான் இருந்தது. லின்னேயஸ் டிரைப் கிழக்கிந்தியக் கம்பெனியின் மதராஸ் ராணுவத்தில் கேப்டன். மதராஸ் மாகாணத்தின் அரசாங்கப் புகைப்படக்காரராக நியமிக்கப்பட்டவர். 1857 கடைசியில் பெங்களூரிலிருந்து கிளம்பி ராயக்கோட்டை வழியாகத் தெற்கே ஸ்ரீரங்கம், மதுரை, புதுக்கோட்டை, தஞ்சாவூர் என்று போனார். அந்தப் பயணத்தின் படங்கள் 1858இல் தொகுப்புகளாக வந்தன. அதில் ஒன்று முழுக்க ராயக்கோட்டையும் சேலம் மாவட்டத்து மற்ற இடங்களும். தர்மபுரி தனி மாவட்டமானது 1965 அக்டோபர் 2 அன்றுதான். கிருஷ்ணகிரி அதிலிருந்து பிரிந்தது 2004இல். டிரைப் வந்த காலத்தில் ராயக்கோட்டைப் பாறையும் தீர்த்தமலையும் ஒரே சேலம் ஜில்லா. ஆகவே அவை எங்கள் ஊர்ப் பக்கத்தின் ஆரம்பகாலப் படங்கள் என்று சொல்லிக்கொள்வதில் எனக்கு ஒரு சின்னப் பெருமை.

டிரைப் யாரிடமும் "படத்துக்கு இவ்வளவு" என்று கேட்க வேண்டியிருக்கவில்லை. அரசாங்கம் சம்பளம் கொடுத்தது, ரசாயனமும் காகிதமும் வாங்கிக் கொடுத்தது, மாட்டு வண்டிச் செலவையும் ஏற்றுக்கொண்டது. ஆனால் 1859இல் மதராஸ் கவர்னராக வந்த சர் சார்லஸ் டிரவெலியன் கணக்கைப் பார்த்தார். 1857 கலகத்துக்குப் பிறகு கஜானா காலி. இன்றைய நிதி நிலைமைக்கு இது பெரிய ஆடம்பரம் என்று சொல்லி வேலையை நிறுத்தச் சொன்னார். நம் ஊரில் புகைப்படக்காரன் கேட்ட முதல் பேரம் இதுதான் என்று எனக்குத் தோன்றும். "இதுக்குப் போயி இவ்ளோவா?" என்று கேட்டது ஒரு கவர்னர்.

இந்தக் கதையில் இன்னொருவரும் உண்டு. டிரைப்பிடம் உதவியாளராக வேலை கற்ற ஐயாசாமி. பின்னால் டாக்டர் அலெக்சாண்டர் ஹன்டர் தொடங்கிய மதராஸ் கலைத் தொழிற்பள்ளியில் புகைப்பட வேலை பார்த்தார். டிரைப்பின் பிரதிகளில் எத்தனை கை பட்டிருந்தாலும் கையெழுத்து ஒருவருடையதுதான். இன்றைக்கும் மெயின் ஆளின் பேரில் ஆல்பம் போகும், லைட் பிடித்த பையனுக்குத் தினக்கூலி போகும்.

டஜன் விலை

தனியாள் கடை வைத்துப் படம் விற்க ஆரம்பித்ததும் விலைக்கு ஒரு அளவுகோல் தேவைப்பட்டது. அதைப் பாரிஸில் ஒருவர் கண்டுபிடித்தார். 1854இல் டிஸ்டேரி என்ற ஸ்டுடியோக்காரர் ஒரே கண்ணாடித் தட்டில் பல படங்களை எடுத்து, வெட்டி, விசிட்டிங் கார்டு அளவு அட்டையில் ஒட்டித் தரும் முறைக்குக் காப்புரிமை வாங்கினார். அதுவரை ஒரு படத்துக்கு 50 முதல் 100 பிராங்க் வரை வாங்கிக்கொண்டிருந்த ஊரில், பன்னிரண்டு படம் 20 பிராங்க் என்று போர்டு வைத்தார். கூட்டம் அலைமோதியது. ஓவியன் மாதிரி "என் வேலைக்கு இவ்வளவு" என்று சொன்ன காலம் அத்தோடு முடிந்தது. அளவு என்ன, எத்தனை பிரதி, அதுதான் விலை.

இந்த வழக்கம் கப்பலேறி மதராஸ் வந்தது, அங்கிருந்து கும்பகோணம், மதுரை, சேலம் என்று பரவி, கடைசியில் அரூர் பஸ் ஸ்டாண்ட் வரைக்கும் வந்தது. 1880 முதல் 1980 வரையிலான தமிழ்நாட்டு ஸ்டுடியோப் படங்களைப் புதுச்சேரியிலுள்ள பிரெஞ்சு ஆய்வு நிறுவனம் பிரிட்டிஷ் நூலகத்தின் உதவியோடு சேகரித்து வைத்திருக்கிறது. அந்தப் படங்களில் வரைந்த திரை, மர நாற்காலி, பூச்சாடி எல்லாம் ஊருக்கு ஊர் மாறும். அட்டையின் அளவுகள் மட்டும் பெரிதாக மாறாது. எங்கள் கடையிலும் போர்டில் அப்பாவின் பெயருக்குக் கீழே எழுதியிருந்தது "பாஸ்போர்ட் சைஸ், போஸ்ட்கார்டு சைஸ், கேபினட் சைஸ்" என்றுதான். துணிக்கடையில் மீட்டர் மாதிரி.

வரிசையில் இல்லாத ஆள்

கல்யாணத்துக்கு இந்த அளவுகோலை எடுத்துப் போனபோதுதான் சிக்கல். கிராமத்துக் கல்யாணத்தில் வேலை செய்கிற ஒவ்வொருவருக்கும் இன்னது என்று முறை உண்டு. மேளக்காரருக்கு, முடி திருத்துகிறவருக்கு, துணி வெளுக்கிறவருக்கு, பானை கொண்டுவருகிறவருக்கு இத்தனை படி, இத்தனை வேட்டி என்று ஊரே அறிந்த கணக்கு. அந்தக் கணக்கில் எத்தனையோ அநியாயம் இருந்தது. சாதியின் பேரால் ஒருவர் உழைப்பை மலிவாக வைத்திருந்த கணக்கு அது. ஆனால் கேள்வி கேட்க இடமில்லாத கணக்கு.

புகைப்படக்காரர் அந்த வரிசையில் இல்லாத புது ஆள். அவருக்கு முறை கிடையாது. பேண்ட் போட்டிருப்பார், பந்தியில் சொந்தக்காரர்களோடு உட்காருவார், மாப்பிள்ளையைத் தோளைத் தொட்டு "கொஞ்சம் இப்படித் திரும்புங்க" என்பார். அவரிடம் கூலி பேசக் கூச்சம். அவருக்கும் கேட்கக் கூச்சம். அந்தக் கூச்சத்துக்கு நடுவில் கிடைத்த பொதுவான பொருள்தான் ஃபிலிம் ரோல்.

"எத்தன ரோல் எடுக்கலாம்?" என்று அப்பா கேட்பார். அவர் சொல்ல வந்தது எத்தனை ரூபாய் ஆகும் என்பது. முதலில் 120 ஃபிலிமில் ரோலுக்கு 12 படம். பிறகு 35 எம்.எம். வந்தது, ரோலுக்கு 36. ஊட்டியில் மத்திய அரசு 1960இல் தொடங்கிய ஹிந்துஸ்தான் போட்டோ ஃபிலிம்ஸ் 1967இல் உற்பத்தியை ஆரம்பித்து 'இந்து' என்ற பெயரில் கருப்பு வெள்ளை ஃபிலிம் விற்றது. கலர் வந்ததும் கதை மாறியது. கழுவும் வேலை கடையை விட்டுப் போய்விட்டது. ரோல்களைப் பையில் போட்டு சேலம் பஸ் கண்டக்டர் கையில் கொடுத்தால், லேபிலிருந்து ஆள் வந்து வாங்கிக்கொள்வார்.

விலை ரோலில் தொங்கியதால் எங்கள் வேலையின் இலக்கணமே ரோலுக்குள் அடங்கியது. மாலை மாற்றுவதற்கு இரண்டு, தாலிக்கு மூன்று, அட்சதைக்கு ஒன்று, பெரியவர்கள் காலில் விழுவதற்கு இரண்டு என்று மனசுக்குள் பங்கு வைத்திருப்பார். குரூப் போட்டோ என்றால் உற்சாகமாகிவிடுவார். அதில் இருக்கிற பதினைந்து பேரில் நாலு பேராவது தனிப் பிரதி கேட்பார்கள் அல்லவா. யாராவது ஒரு சித்தப்பா ஏழாவது தடவையாகப் பெண் மாப்பிள்ளை பக்கத்தில் வந்து நின்று "என்னையும் ஒண்ணு எடுப்பா" என்றால், ஷட்டரைத் தொடாமல் ஃபிளாஷை மட்டும் அடிப்பார். பளீரென்று வெளிச்சம் வரும். சித்தப்பா திருப்தியாகப் போய்விடுவார். இதைச் சொல்லும்போது நண்பர்கள் சிரிப்பார்கள். ஆனால் யோசித்துப் பார்த்தால் அது விலையைப் பற்றிய கதை. ஒரு ஃபிரேமுக்கு விலை இருந்தது. வாடிக்கையாளரும் அதை ஏற்றுக்கொண்டிருந்தார். படத்தை எண்ணிப் பார்த்துப் பணம் கொடுத்தார்.

அப்பாவின் விகிதம் எளிமையானது. வாங்குகிற காசை மூன்றாகப் பிரிப்பார். ஒன்று ஃபிலிமுக்கும் பிரிண்டுக்கும், ஒன்று கடை வாடகைக்கும் உதவிப் பையனுக்கும், ஒன்று வீட்டுக்கு. மூன்றாவது பங்கு யாருக்கும் தெரியாது. தெரியாமல் இருந்ததே அவருக்குப் பாதுகாப்பு.

பொருளா, திறமையா?

கூலி பொருளுக்குள் ஒளிந்திருக்கிறது என்பதை நீதிமன்றம் கண்டுகொண்டது. அதுவும் வரி வாங்க வந்த இடத்தில். மத்தியப் பிரதேசத்தில் ஒரு ஸ்டுடியோக்காரரிடம் விற்பனை வரி அதிகாரிகள், நீ போட்டோ விற்கிறாய், வரி கட்டு என்றார்கள். வழக்கு உச்ச நீதிமன்றம் வரை போய் 1977இல் தீர்ப்பானது. ஒரு போட்டோகிராபர் ஒருவரைப் படம் எடுத்து, நெகடிவைக் கழுவி, பிரிண்ட் போட்டுக் கொடுப்பது சரக்கு விற்பனை அல்ல. அவருடைய திறமையையும் உழைப்பையும் பயன்படுத்திக்கொள்வதற்கான ஒப்பந்தம். காகிதம் கைமாறுவது அதில் துணை விஷயம்தான். இதைப் படித்த அன்று நோட்டை எடுத்து ஏழாவது கட்டம் ஒன்று போட்டுப் பார்த்தேன். அப்பா ஸ்டுடியோ வைத்திருந்த காலத்திலேயே அவருக்கு ஒரு கட்டத்தை உச்ச நீதிமன்றம் ஒதுக்கியிருந்திருக்கிறது.

அரசாங்கம் சும்மா விடவில்லை. 1982இல் அரசியலமைப்பின் 46ஆவது திருத்தம் வந்தது. ஒப்பந்த வேலையில் கைமாறும் பொருளுக்குத் தனியாக வரி போடலாம் என்றானது. 2001 ஜூலையில் மத்திய அரசு புகைப்படத்தைச் சேவை வரிக்குள் கொண்டுவந்தது. ஒரே ஆல்பத்தைப் பார்த்து மாநிலம் "சரக்கு" என்றது, மத்திய அரசு "சேவை" என்றது. கர்நாடகத்துக் கலர் லேப் வழக்கில் 2015இல் உச்ச நீதிமன்றம், காகிதம் போன்ற பொருட்களின் மீது மாநிலம் வரி போட்டது செல்லும் என்றது. 2017இல் ஜி.எஸ்.டி. வந்து இந்த இழுபறியை ஒருவழியாக மூடியது. இப்போது படம் எடுப்பது சேவை, 18 சதவீதம். வருட வரவு 20 லட்சத்தைத் தாண்டாத எங்களைப் போன்றவர்கள் பதிவு செய்ய வேண்டியதில்லை.

சட்டம் இவ்வளவு தூரம் வந்துவிட்டது. கல்யாண வீடு இன்னும் வரவில்லை. டிஜிட்டல் வந்ததும் ரோல் போய்விட்டது. விலை தொங்கிக்கொண்டிருந்த ஆணி பிடுங்கப்பட்டது. "இப்பதான் ஃபிலிம் செலவே இல்லையேண்ணா, சும்மா அமுக்குறதுதானே" என்ற வாக்கியத்தை நான் கேட்காத மாதம் கிடையாது. அதனால் நாங்கள் அவசர அவசரமாக வேறு ஆணிகள் தேடினோம். ஆல்பம் எத்தனை ஷீட், ஹெலிகேம் உண்டா, எல்.இ.டி. திரை உண்டா, ப்ரீ வெட்டிங் சேர்த்தா சேர்க்காமலா. எல்லாம் மறுபடியும் பொருள். கூலியை ஒளித்துவைக்கப் புதுப்புது இடம்.

உண்மையில் ஃபிரேமுக்கு விலை இல்லாமல் போகவில்லை. நான் வைத்திருக்கிற மாதிரியான கேமராவின் ஷட்டர் சுமார் இரண்டு லட்சம் தடவை அடிக்கும் என்று கம்பெனி சொல்கிறது. ஒரு கல்யாணத்துக்கு நாலாயிரம் படம் எடுத்தால் ஐம்பது கல்யாணம். அதன் பிறகு எப்போது வேண்டுமானாலும் செலவு வைக்கும். அப்பா 36 படத்துக்கு ஒரு ரோல் வாங்கினார். நான் இரண்டு லட்சம் படத்துக்கு ஒரே ரோலாகக் கடனில் வாங்கியிருக்கிறேன்.

யாருடைய படம்?

கல்யாணத்தோடு இந்தக் கதை முடிவதில்லை. கடை விளம்பரத்துக்குப் படம் எடுக்கிறவன் விற்பது என்ன?

சில வருடங்களுக்கு முன்னால் ஒரு துணிக்கடைக்கு ஆடித் தள்ளுபடிக்காக ஒருநாள் படம் எடுத்துக் கொடுத்தேன். ஒரு நாள் சம்பளம் வாங்கினேன், சந்தோஷமாக வந்தேன். அந்த மாதம் நோட்டீஸில் வந்தது. தீபாவளிக்கு ஃபிளெக்ஸ் ஆனது. அப்புறம் பஸ்ஸின் முதுகில், காலண்டரில், வேறு ஊர்க் கிளையில். மூன்று வருடம் நான் போகிற இடமெல்லாம் என் படம் எனக்கு முன்னால் போய் நின்றது. தயங்கித் தயங்கி ஒருநாள் போய்க் கேட்டேன். முதலாளி கோபப்படவில்லை. சிரித்துக்கொண்டே, "வீடு கட்டுன கொத்தனார் வந்து வாடகை கேப்பாராப்பா?" என்றார். எனக்குப் பதில் தெரியவில்லை.

பதில் சட்டத்தில் இருந்தது, ஆனால் அவர் பக்கம் இருந்தது. 1957ஆம் வருடத்துப் பதிப்புரிமைச் சட்டப்படி படத்தின் ஆசிரியர் அதை எடுத்தவர்தான். ஆனால் காசு கொடுத்து ஒருவர் எடுக்கச் சொன்ன படத்துக்கு, வேறு ஒப்பந்தம் இல்லாவிட்டால், முதல் உரிமையாளர் காசு கொடுத்தவர். பதினேழாவது பிரிவு. இங்கிலாந்திலும் பழைய சட்டம் இதே மாதிரிதான் இருந்தது. 1988இல் அதை மாற்றி எடுத்தவருக்கே உரிமை என்று வைத்தார்கள். 1947இல் கார்த்தியே-பிரஸ்ஸோன், ராபர்ட் காப்பா முதலியவர்கள் மேக்னம் என்ற கூட்டுறவு அமைப்பைத் தொடங்கியபோதும் அவர்கள் பிடிவாதமாக நின்ற இடம் இதுதான். பத்திரிகை வாங்குவது ஒரு முறை அச்சிடும் அனுமதியை மட்டும். படம் எங்களுடையது. பெருநகர விளம்பர உலகில் இன்றும் கட்டணம் இப்படித்தான் போகிறது. எடுக்கிற நாளுக்கு ஒரு தொகை. அந்தப் படம் எங்கே, எத்தனை ஊரில், எத்தனை மாதம் பயன்படும் என்பதற்கு இன்னொரு தொகை.

நான் அன்றைக்கு வேலைக்கு முன்னால் ஒரு வெள்ளைத் தாளில் "ஆறு மாதம், இந்தக் கடைக்கு மட்டும்" என்று எழுதி இருவரும் கையெழுத்துப் போட்டிருந்தால் போதும். "வேறு ஒப்பந்தம் இல்லாவிட்டால்" என்று சட்டம் விட்ட இடம் அதற்குத்தான். கேட்கக் கூச்சம். அந்தக் கூச்சம் அப்பாவிடமிருந்து வந்த சொத்து.

அப்பாவிடம் ஒப்பந்தம் இல்லை, நெகடிவ் இருந்தது. ஒவ்வொரு பிரிண்டின் பின்னாலும் எண் போட்டு, நெகடிவைக் கவரில் போட்டு வைப்பார். பதிப்புரிமை யாருக்கோ இருக்கட்டும், மறுபிரதி வேண்டுமென்றால் அவரிடம்தான் வர வேண்டும். அதுதான் அவருடைய பென்ஷன். இன்றைக்கு ரிசப்ஷன் முடிவதற்குள் "எல்லாத்தயும் பென்டிரைவ்ல போட்டுக் குடுத்துருங்கண்ணா" என்கிறார்கள். கொடுத்துவிடுகிறேன்.

வெ.பா.

நோட்டுகளைப் பரணில் திரும்ப வைக்கும்போது அம்மாவிடம், "யாரும்மா இந்த வெ.பா.?" என்று கேட்டேன்.

"ஆளு இல்லடா. வெத்தல பாக்கு."

யாராவது செத்துப்போனால், மாலை போட்டு மாட்டப் படம் வேண்டி வருவார்கள். பாதிப் பேருக்கு வீட்டில் படமே இருக்காது. மாசித் தேர் அன்று மலையடிவாரத்தில் எடுத்ததோ, எவரோ கல்யாணத்தின் குரூப் போட்டோவில் ஓரமாக நின்றதோ, அதுதான் அந்த மனிதர் இருந்ததற்கு ஒரே சாட்சி. அப்பா கவர்களைக் கிளறி அந்த நெகடிவைத் தேடுவார். முகத்தை மட்டும் பெரிதாக்கி, பென்சிலால் டச்-அப் செய்து, பக்கத்தில் நின்றவரின் தோளை மறைத்து ஒரு படம் ஆக்கித் தருவார். அதற்குக் காசு சொல்ல மாட்டார். தட்டில் வெற்றிலை பாக்கு வைத்துக் கொடுப்பதை வாங்கிக்கொள்வார்.

எனக்குத் தொண்டை அடைத்தது. அம்மாவுக்கு அடைக்கவில்லை.

"வெத்தல பாக்க வச்சி ரேஷன்ல அரிசி போடுவானா? ஒரு மாசத்துல மூணு சாவு வந்தா, அந்த மாசம் என் தோடு அடகுக் கடைக்குப் போவும். அவரு வாங்காத காச நாந்தான் குடுத்தேன். அத எழுத அந்த நோட்டுல கட்டம் இருக்கா பாரு."

இல்லை. அதற்கும் கட்டம் இல்லை. ஒருவர் கூலி கேட்காமல் விட்டால் அந்தக் கூலி காணாமல் போய்விடுவதில்லை. வீட்டுக்குள் யாரோ கட்டுகிறார்கள்.

அன்று ராத்திரி உட்கார்ந்து கணக்கு எழுதினேன். வீட்டுக்கும் கடைக்கும் வருடத்துக்கு 4,80,000. கேமரா, லென்ஸ், கம்ப்யூட்டர் ஆறு லட்சம், நாலு வருடம் உழைக்கும் என்று வைத்தால் வருடத்துக்கு 1,50,000. மொத்தம் 6,30,000. வருடத்தில் 365 நாள் இருக்கலாம், ஆடியும் மார்கழியும் போய், முகூர்த்தம் இல்லாத நாள் போய், எனக்கு வேலை வருவது நாற்பது நாள். ஒரு நாளுக்கு 15,750. இது கூட வருகிற பையனுக்கும் ஆல்பத்துக்கும் வண்டிக்கும் முன்னால். லாபம் இன்னும் ஆரம்பிக்கவே இல்லை. இத்தனை வருடமாக நான் சொல்லிக்கொண்டிருந்த தொகையில் இது பாதிகூட இல்லை என்று அப்போதுதான் தெரிந்தது.

பையனுக்கு அனுப்பிய தாளில் ஒவ்வொன்றையும் தனி வரியாகப் போட்டேன். உதவியாளர், பயணம், எடிட்டிங் ஐந்து நாள், ஆல்பம் நாற்பது ஷீட். எல்லாவற்றுக்கும் மேலே முதல் வரியாக "படம் எடுப்பதற்கு" என்று எழுதி, பக்கத்தில் தொகையும் எழுதினேன். கை கொஞ்சம் நடுங்கியது.

பத்து நிமிடத்தில் போன் வந்தது.

"அண்ணா, எல்லாம் ஓகேண்ணா. அந்த மொத லைன் மட்டும் எடுத்துட்டா எவ்ளோ வரும்?"

"அத எடுக்க முடியாதுப்பா. வேணும்னா ஆல்பத்துல பத்து ஷீட் கம்மி பண்ணிக்கலாம்."

கொஞ்ச நேரம் சத்தமில்லை. பக்கத்தில் யாரிடமோ கேட்கிறான். "சரிண்ணா, முப்பதே போடுங்க. காலைல நாலு மணிக்கு அடிவாரத்துல இருப்பீங்கல்ல?"

இருப்பேன் என்றேன்.